பழைய டிராக்டரும் வைக்கோல் கட்டும் மிஷினும்: மதுரைப் பக்கத்துச் சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நெல் போடுகிறவர்கள், உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் சோளமும் கடலையும் போட்டு நாலைந்து மாடு வைத்திருப்பவர்கள், இவர்களை நினைத்து எழுதியது. நிலம் 2 ஏக்கரிலிருந்து 10 ஏக்கர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளவர்களின் கணக்கு வேறு.

நிலம் 4 ஏக்கர்தான். சொந்தமாக டிராக்டர் வேண்டுமா?

உழவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். 4 ஏக்கருக்கு இரண்டு போகமும் சேர்த்து வருஷத்துக்கு 40, 50 மணி நேர வேலைதான் இருக்கும். மீதி நாள் முழுவதும் வண்டி நிழலில் நிற்கும், பேட்டரி இறங்கும், டயர் வெடிக்கும். வேளாண் பொறியியல் துறை டிராக்டர் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலி வழியாகப் பதியலாம். ஊரிலும் தனியார் வண்டி கிடைக்கும். பக்கத்து நிலங்களுக்கும் ஓட்டுவீர்கள், டிரெய்லர் அடிப்பீர்கள், வைக்கோல் கட்டுவீர்கள் என்றால் பழைய வண்டி கட்டுப்படியாகும். வருஷத்துக்கு 300 மணி நேரம் ஓட வேலை இருக்கிறதா என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

முதலில் டிராக்டரைப் பார்ப்பதா, பேலரை (வைக்கோல் கட்டும் மிஷினை) பார்ப்பதா?

வைக்கோல் கட்டும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பேலரை முதலில் முடிவு செய்யுங்கள், வண்டியை அதற்கேற்றபடி தேடுங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவாக ஒரு வண்டி வந்தது என்று வாங்கி நிறுத்திவிட்டு, பிறகு பேலரை மாட்டப் போகும்போதுதான் ஹைட்ராலிக் குழாய் போட வால்வு இல்லை, முதல் கியரிலேயே வண்டி வேகமாகப் போகிறது, கிளட்சை மிதித்தால் மிஷினைச் சுற்றவைக்கும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ.வும் நிற்கிறது என்பதெல்லாம் தெரியவரும். இதில் ஒன்றை மாற்றலாம். மூன்றையும் மாற்றுகிற காசுக்கு வேறு வண்டி வாங்கலாம்.

எத்தனை எச்.பி. போதும்?

இன்ஜின் எச்.பி.யைப் பார்க்காதீர்கள், பி.டி.ஓ. எச்.பி.யைப் பாருங்கள். இன்ஜினில் வருவதில் சுமார் 85 சதவீதம்தான் பின்பக்கத் தண்டுக்கு வந்து சேரும். 40 எச்.பி. வண்டி என்றால் பேலருக்குக் கிடைப்பது 34. வயதான இன்ஜின் என்றால் அதிலும் குறையும்.

சின்ன ரோல் பேலருக்கு 30, 35 எச்.பி. வண்டி போதும். சதுரக் கட்டு போடும் பேலரில் வைக்கோலை இறுக்கும் பிளஞ்சர் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே இருப்பதால் 40, 45 வேண்டும். 5 அடி ரொட்டவேட்டருக்கு 35 முதல் 40. கரிசலில் கோடை உழவுக்கு ஒன்பது கொழுக் கலப்பை இழுக்க 40க்குக் குறைந்தால் வண்டி திணறும். செவலில் அவ்வளவு தேவையில்லை. மொத்தத்தில் இந்தப் பக்கத்துக்கு 39 முதல் 45 எச்.பி. பொருத்தம். 50க்கு மேல் போனால் எடை கூடும், ஆழமான சேற்று வயலில் அமுங்கும், சோழவந்தான் பக்கத்து ஒடுக்கமான வண்டிப்பாதையில் திருப்பவும் முடியாது.

இன்னொரு விஷயம். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன்பின் வந்த பெரிய வண்டிகளில் டீசல் பம்ப் எலக்ட்ரானிக் வகை. ஊர்ப் பட்டறையில் பம்பைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் அவற்றுக்குச் செல்லாது.

சிங்கிள் கிளட்ச், டூயல் கிளட்ச் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

பேலருக்கு இதுதான் முதல் முக்கியம். ரோல் பேலரின் அறை நிரம்பியதும் வண்டியை நிறுத்த வேண்டும், ஆனால் பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு கட்டைச் சுற்றும். டூயல் கிளட்சில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுவதும் மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். சிங்கிள் கிளட்சில் மிதித்ததும் இரண்டும் நின்றுவிடும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்த பிறகே மறுபடி சுற்றும். நிரம்பிய அறையை நின்ற நிலையிலிருந்து சுழற்ற வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கட்டுக்கும் கிளட்ச் தட்டு தேயும், மிஷினைக் காப்பாற்றத் தான் அறுபடும் ஷியர் போல்ட்டும் அறுபடும். ஒரு நாளைக்கு 200 கட்டு போட்டால் 200 தடவை இந்த அடி.

ஒரே மாடலிலேயே இரண்டு வகையும் விற்றிருக்கிறார்கள், அதனால் பெயரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். பி.டி.ஓ.வைப் போட்டு, வண்டியை மெதுவான கியரில் நகரவிட்டு, கிளட்சைப் பாதி மிதிக்கச் சொல்லுங்கள். வண்டி நின்று பின் தண்டு தொடர்ந்து சுற்ற வேண்டும். டூயல் என்று சொல்லி விற்கும் வண்டியில் அப்படிச் சுற்றவில்லை என்றால் ஒன்று அட்ஜஸ்ட்மெண்ட் போயிருக்கிறது, அல்லது பழுது பார்த்தவர் சிங்கிள் தட்டைப் போட்டு முடித்திருக்கிறார்.

எந்தக் கம்பெனி வண்டி?

உங்கள் ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டி. மாஸி 1035, மஹிந்திரா 475, 575, ஸ்வராஜ் 735, 744 ஆகியவற்றுக்கு மேலூரிலும் திருமங்கலத்திலும் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. குபோட்டா, ஜான் டீர் வண்டிகள் சேற்றிலும் டீசலிலும் நல்ல பெயர் எடுத்தவை, ஆனால் சாமான் விலை கூடுதல். அதிகம் ஓடாத மாடலை 50 ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அறுவடை நேரத்தில் ஒரு சீலுக்காக நாலு நாள் காத்திருப்பீர்கள்.

தொளி (சேற்று) உழவுக்கு ஓடிய வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் என்ன ஆபத்து?

பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் ஓடிய வண்டி எல்லாமே தொளியில் இறங்கியிருக்கும். இறங்கியது குற்றமில்லை. இறங்கியபின் பராமரித்தார்களா என்பதுதான் கேள்வி.

கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றில் ஓட்டும்போது பின் அச்சின் சீல், முன் சக்கர ஹப், பிரேக் பெட்டி எல்லாம் தண்ணீருக்குள் இருக்கும். சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் கியர் ஆயிலில் கலக்கும். மாஸி போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் பின் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, கியருக்கும் பம்புக்கும் ஒரே ஆயில். ஆகவே சேறு கலந்தால் கியர் பேரிங்கோடு பம்பும் போகும்.

பார்க்கும் முறை இது. வண்டி ஓர் இரவாவது நின்ற பிறகு காலையில் போங்கள். பின் ஹவுசிங்கின் டிப் ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இருக்கிறது. விற்பதற்கு முந்தின நாள்தான் ஆயில் மாற்றினார்கள் என்றால் நிறம் பளிச்சென்று இருக்கும். அதனால் அடியில் உள்ள டிரெயின் பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, முதலில் கசிவதைக் கையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கனம், அடியில்தான் நிற்கும். பிளக்கைத் தொட விடாத வியாபாரியிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அடுத்து கிளட்ச் ஹவுசிங்கின் அடிப்பக்கம். அங்கே ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். சேற்று வேலைக்கு முன் அடைத்து, முடிந்ததும் திறந்துவிட வேண்டும். அடைத்தபடியே கிடந்தால் உள்ளே ஆயிலோ தண்ணீரோ தேங்கிக் கிளட்ச் தட்டை நனைத்திருக்கும். திறந்ததும் இன்ஜின் ஆயில் சொட்டினால் கிராங்க் சீல், கியர் ஆயில் சொட்டினால் இன்புட் தண்டு சீல். இரண்டுக்குமே வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். சீல் விலை சில நூறு ரூபாய், பிரித்துச் சேர்க்கும் கூலிதான் ஆயிரங்களில் போகும்.

பின் சக்கர ரிம்மின் உள்பக்கம், வால்வைச் சுற்றி துரு எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். வெளியே புதுப் பெயிண்ட், உள்ளே செதில் செதிலாக உரியும் துரு என்றால் வருஷக்கணக்கில் கழுவாமல் விட்ட வண்டி.

இன்ஜினை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிரில் திணறும் வண்டியை மறைக்கும் வழி அது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனதும் சில விநாடி வெள்ளைப் புகை வருவது சகஜம். நிற்காமல் வந்தால் கம்ப்ரஷன் குறைவு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சுமை ஏற்றும்போது மட்டும் கறுப்புப் புகை வந்து போனால் பரவாயில்லை, சும்மா ஓடும்போதே கறுப்பு என்றால் பம்ப், இன்ஜெக்டர், காற்று வடிகட்டி மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட் விரிசலும் இருக்கலாம்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியரில் போட்டு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் முக்கிக்கொண்டு ஓடினால் தட்டு முடிந்தது.

மீட்டரில் 2,400 மணி நேரம்தான் காட்டுகிறது. நம்பலாமா?

மீட்டரை விட்டுவிட்டு மூன்று இடத்தைப் பாருங்கள்: கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் வளையத்தில் கை படும் இடம், டிரெய்லர் கொக்கி மாட்டும் துளை. 2,400 மணி நேரத்தில் கொக்கித் துளை முட்டை வடிவத்துக்குத் தேயாது. அப்படித் தேய்ந்திருந்தால் செங்கல், மணல் லோடு அடித்த வண்டி. முன் சப்போர்ட் போல்ட்டுகளிலும் கிளட்ச் ஹவுசிங் இணைப்பிலும் வெல்டிங் தெரிந்தால் முன்பக்கம் டோசர் மாட்டி மண் தள்ளியிருக்கிறார்கள். அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

ஹைட்ராலிக், முன் அச்சு, டயர்?

ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கி இன்ஜினை அணையுங்கள். சில நிமிடமாவது நிற்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே சில விநாடிக்கு ஒருமுறை இறங்கி மறுபடி தூக்கிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் ஓ ரிங் கசிகிறது. பேலரின் பின்கதவைத் திறக்கத் தனி ஹைட்ராலிக் இணைப்பு வேண்டும். டிப்பிங் டிரெய்லருக்கு எண்ணெய் எடுக்கும் குழாய் ஏற்கெனவே இருக்கும் வண்டியாகப் பார்த்தால் ஒரு செலவு மிச்சம்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கிங் பின் அல்லது பேரிங். முன்னும் பின்னும் ஆடினால் டை ராட். நடு அச்சுப் பின் தேய்ந்த வண்டியில் வரப்பு ஏறும்போது டங்கென்று சத்தம் வரும்.

40, 45 எச்.பி. வண்டிக்குப் பின் டயர் பெரும்பாலும் 13.6-28, முன் டயர் 6.00-16. பட்டை உயரம் இருந்தால் மட்டும் போதாது, பட்டைகளுக்கு நடுவில் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) விஷயத்தில் எங்கே ஏமாறுகிறார்கள்?

மூன்று இடத்தில்.

ஒன்று, கடன். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அடமானமாகப் பதிந்திருந்தால், கடன் முடிந்தது என்ற வாய்வார்த்தை போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். இரண்டு, பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி மூன்று கை மாறி வந்த வண்டியில், ஆர்.சி.யில் இருப்பவரே நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் வழியாகப் படிவம் 31. மூன்று, காலாவதி. பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன்பின் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 14 வயது வண்டியை வாங்கினால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்துவிட்டு ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். மதுரை வண்டி என்றால் டி.என். 58, 59, 64. வெளி மாநில எண் என்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்று (படிவம் 28) வரும்வரை அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எம்பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டாலே பாதி விவரம் வந்துவிடும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி ஆர்.சி. உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விலையை எப்படி நிர்ணயிப்பது?

அதே மாடல் புது வண்டி இன்றைக்கு என்ன விலை என்று ஷோரூமில் எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வைக்கோல் பேலர், புல் வெட்டும் மிஷின்களுக்கும் அதே குறைப்பு. பழைய வண்டி விற்பவர் அதற்கு முந்தைய விலையை வைத்துத்தான் பேசுவார், ஒத்துக்கொள்ள வேண்டாம். 10 வயது வண்டிக்குப் புது விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அந்தப் பாதியிலிருந்தும் டயர், பேட்டரி, கிளட்ச், சீல் வேலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பட்டறை விலைக்குக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.

ரோல் கட்டா, சதுரக் கட்டா?

சிறு விவசாயிக்கு ரோல். சதுரக் கட்டு அடுக்க வசதி, லாரியில் இடம் மிச்சம், உண்மைதான். ஆனால் அதில் முடிச்சுப் போடும் நாட்டர் என்ற பாகம் இருக்கிறது. அது நுணுக்கமான பொறி. தேய்ந்தால் பத்துக் கட்டுக்கு ஒன்று அவிழும், சரி செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, சாமான் விலை அதிகம். ரோல் பேலரில் முடிச்சே கிடையாது. கயிற்றைச் சுற்றி வெட்டி விடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஓடும் சின்ன ரோல் பேலர்களில் கட்டின் விட்டம் சுமார் 60 செ.மீ., நீளம் மாடலைப் பொறுத்து 70 செ.மீ. முதல் 1 மீட்டர். மீட்டர் நீளக் கட்டு நன்றாக இறுகினால் 25, 30 கிலோ வரும். ஓர் ஆள் தூக்கிவிடலாம். கட்டுக் கணக்கில் வைக்கோல் வாங்குகிறவர்கள் நாலு கட்டை எடை போட்டுப் பார்ப்பது நல்லது. தளர்வாகக் கட்டினால் அதே அளவில் 18 கிலோதான் இருக்கும்.

பழைய பேலரில் எதைப் பார்க்க வேண்டும்?

வைக்கோல் இல்லாமல் பி.டி.ஓ.வில் 540 சுற்றில் 10 நிமிடம் ஓட விடுங்கள். இன்ஜினை அணைத்து, எல்லாம் நின்ற பிறகு ஒவ்வொரு பேரிங்கையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த பேரிங் முடிந்தது. வைக்கோல் தீப்பிடிப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான், தண்டில் சுற்றிய வைக்கோல் பேரிங் சூட்டில் கருகித் தொடங்கும்.

செயின் வகை பேலரில் செயினை பற்சக்கரத்தின் மேல் விரலால் வெளிப்பக்கம் இழுங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு விலகி வந்தால் செயின் நீண்டுவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பற்சக்கரம் புதுச் செயினையும் தின்னும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளே உள்ள குறுக்குச் சட்டங்கள் வளைந்திருந்தால் வரப்பிலோ கல்லிலோ மாட்டியிருக்கிறது. வைக்கோலை அள்ளும் பிக்கப்பின் ஸ்பிரிங் பற்கள் எத்தனை குறைகின்றன என்று எண்ணுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இல்லாவிட்டால் அந்த இடத்தில் வைக்கோல் கோடு போட்டதுபோல் வயலில் நிற்கும்.

பி.டி.ஓ. தண்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று கையால் தள்ளினாலே நகர வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் வண்டி வளையும்போது தண்டு கியர்பெட்டியை இடித்து உடைக்கும். மேல் உறையான பிளாஸ்டிக் குழாய் இல்லாத தண்டோடு வேலை செய்யாதீர்கள். வேட்டி, துண்டு, சேலை முந்தானை மாட்டினால் இழுத்து முடிக்க ஒரு விநாடிதான்.

ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். அடிக்கடி அறுபடுகிறதே என்று எளிதில் அறுபடாத ஹை டென்சில் போல்ட்டைப் போட்டு ஓட்டியிருப்பார்கள். பேலரைக் காப்பாற்ற அறுபட வேண்டிய போல்ட் அது. அது அறுபடாவிட்டால் கியர்பெட்டி அடி வாங்கும். அப்படிப்பட்ட மிஷினில் கியர்பெட்டி மூடியைத் திறந்து பல்லைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கதிர் அறுக்கும் மிஷின் விட்ட வைக்கோலைப் பேலர் எடுக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் கோளாறு பேலரில் இல்லை. அறுவடை வண்டியின் பின்னால் வைக்கோலைச் சிதறடிக்கும் அமைப்பு இருந்தால் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். வைக்கோல் வரிசையாக விழுந்தால்தான் பிக்கப் எடுக்கும். அறுக்கும் உயரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவசரத்தில் முழங்கால் உயரத்துக்கு அரிதாளை விட்டுப் போனால் உங்கள் வைக்கோலில் மூன்றில் ஒரு பங்கு வயலிலேயே நிற்கும். ஈர வயலில் இறங்கும் பெல்ட் அறுவடை வண்டி வைக்கோலைச் சேற்றில் மிதித்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். சேறு படிந்த வைக்கோலை மாடு ஒதுக்கும், பேலர் பேரிங்கும் தேயும்.

வேகமும் ஒரு காரணம். பி.டி.ஓ. 540இல் இருக்க, வண்டி மணிக்கு 3 முதல் 5 கி.மீ. வேகத்தில்தான் போக வேண்டும். ஆக்சிலேட்டரைக் குறைத்து வேகத்தைக் குறைத்தால் பி.டி.ஓ. சுற்றும் குறையும், அடைக்கும். கியரைத்தான் குறைக்க வேண்டும்.

வைக்கோல் எவ்வளவு காய வேண்டும்?

ஈரப்பதம் 15 சதவீத அளவுக்கு வரட்டும். 20க்கு மேல் கட்டினால் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பிடியை எடுத்து முறுக்குங்கள். கணுவிடம் சடசடவென்று ஒடிந்தால் தயார். துணிபோல் முறுகினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பனி இறங்கும் தை, மாசியில் காலை 10 மணிக்கு முன் கட்டத் தொடங்காதீர்கள். மேலே காய்ந்தும் அடியில் நனைந்தும் கிடக்கும்.

முதல் போக அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மோதும். அந்த வைக்கோலில் பாதிதான் கட்டுக்குத் தேறும் என்று கணக்குப் போடுங்கள். நல்ல வைக்கோல் தை முதல் பங்குனி வரைதான்.

அடுக்கிய கட்டில் புகையிலை வாடையோ புளித்த வாடையோ வந்தால் ஓர் இரும்புக் கம்பியை நடுவரை செருகி 10 நிமிடம் விட்டு இழுங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும்.

சோளத்தட்டை, தீவனச் சோளம், நேப்பியர் எல்லாம் இதே பேலரில் கட்டலாமா?

முற்றிய சோளத்தட்டையை வேண்டாம். தடித்த தட்டை பிக்கப்பில் குறுக்கே மாட்டும், ரோலும் இறுகாது. கையால் கட்டி நிறுத்தி வைப்பதே நல்லது. கம்பு நேப்பியர் தண்டில் தண்ணீர் அதிகம், உலர்வதற்குள் இலை உதிர்ந்துவிடும். அதைப் பச்சையாக வெட்டிப் போடுங்கள், மிஞ்சினால் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் பச்சைத் தீவனம்) போடுங்கள்.

தீவனச் சோளம் கோ.எஃப்.எஸ். 29 உலர்தீவனத்துக்கு ஏற்றது. முதல் அறுப்பு 65 நாளில், பிறகு சுமார் 50 நாளுக்கு ஒன்று. பாதிப் பூ வந்ததும் அறுக்க வேண்டும். இளம் பயிரில், வாடிய பயிரில் மாட்டைக் கொல்லும் நஞ்சு இருக்கும், அவசரப்பட்டு அறுக்கக் கூடாது. கொழுக்கட்டைப் புல் மானாவாரியில் நன்றாக வரும், மெல்லிய தண்டு, இரண்டு மூன்று வெயிலில் காயும், பேலருக்கும் சுகம்.

புல் வெட்டவும் கூட்டவும் என்ன மிஷின்?

2 ஏக்கர் வரை பிரஷ் கட்டர் போதும். அதற்கு மேல் என்றால் டிராக்டரில் மாட்டும் கத்திச் சட்டம் பழையதாகக் கிடைத்தால் பாருங்கள். முக்கோணக் கத்திகளுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் இடைவெளி விழுந்திருந்தால் வெட்டாது, மென்று துப்பும். பழையதாகத் தைரியமாக வாங்கலாம் என்றால் சக்கர ரேக்தான். பி.டி.ஓ. வேண்டாம், தரையில் உருண்டே சுற்றும். சக்கர பேரிங்கும் கம்பிப் பல்லும் சரியாக இருந்தால் கெட்டுப்போக வேறொன்றும் இல்லை. மழையில் நனைந்த வைக்கோலைப் புரட்டிப் போடவும் அதுவே உதவும்.

சொந்தப் பேலர் எத்தனை ஏக்கர் ஓடினால் கட்டும்?

ஒரு மாதிரிக் கணக்கு. பழைய பேலர் 2 லட்சம், 5 வருஷம் ஓடும் என்றால் வருஷத்துக்கு 40 ஆயிரம். செயின், பேரிங், பல் என்று 20 ஆயிரம். மொத்தம் 60 ஆயிரம். டீசல், கயிறு, ஆள்கூலி போகக் கட்டுக்கு 15 ரூபாய் மிஞ்சினால், ஏக்கருக்கு 40 கட்டு என்று 600 ரூபாய். ஆக 100 ஏக்கர் கட்டினால்தான் முதல் தேறும். உங்கள் ஊர்க் கூலியையும் டீசல் விலையையும் போட்டு இதையே மறுபடி செய்யுங்கள். சொந்த நிலம் 5 ஏக்கர் மட்டும் என்றால் வாடகைப் பேலரைக் கூப்பிடுங்கள். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் காளை வளர்ப்போர் ஆண்டு முழுவதும் வைக்கோல் வாங்குகிறார்கள், விற்பனைக்கு அவ்வளவாகக் கவலையில்லை.

பழைய மிஷினுக்கு மானியம் உண்டா?

இல்லை. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் அங்கீகரித்த புது மிஷின்களுக்குத்தான். பேலரில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீத அளவில் மானியம் இருப்பதால், பழையதற்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். மானியம் போகப் புதியது, பழையதன் விலைக்கே நெருங்கி வரலாம்.

தீ விபத்தைத் தவிர்க்க?

சைலன்சர் மேல்நோக்கி இருக்கட்டும். பேலரின் தண்டுகளில் சுற்றிய வைக்கோலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினை அணைத்து அறுத்தெடுங்கள். வண்டியில் 20 லிட்டர் கேனில் தண்ணீர் வையுங்கள். லோடு ஏற்றியபின் உயரத்தைப் பாருங்கள். வயலுக்கு நடுவே தொய்ந்து தொங்கும் மின்கம்பியில் வைக்கோல் லோடு உரசித்தான் நிறையத் தீ பிடிக்கிறது. போகும் பாதையை லோடு இல்லாதபோதே ஒருமுறை நடந்து பார்த்து, தாழ்ந்த கம்பி இருந்தால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

சணல் கயிறா, பிளாஸ்டிக் கயிறா, வலையா?

சொந்த மாட்டுக்கு என்றால் சணல். வலை வேகம், கட்டும் இறுக்கம், லாரிக்கு நல்லது. ஆனால் பிளாஸ்டிக் கயிறோ வலையோ துண்டு துண்டாகத் தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால் வெளியே வராது, உருண்டு அடைத்துக்கொள்ளும். சணலில் எலி கடிக்கும், மழை பட்டால் இற்றுப்போகும். கட்டைத் தரையில் வைக்காமல் பனைமரச் சட்டம் அல்லது கல்லின் மேல் அடுக்கினால் அந்தத் தொல்லை பாதி குறையும். வலைக் கட்டைத்தான் வாங்கினீர்கள் என்றால், கொட்டகைக்கு வெளியே வைத்து வலையை முழுதாக உரித்து, சாக்கில் போட்ட பிறகே வைக்கோலை உள்ளே எடுத்துப் போங்கள்.